பக்கத்து சீட்டில் ஆள் உண்டு

இதைச் சொன்னால் முதலில் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். அப்புறம் இதை எனக்குச் சொன்ன தோழி தன் லேப்டாப்பைத் திறந்து அன்றைய பதிவுகளை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு வரியிலும் நேரம் விநாடி சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதில் வருகிற நேரம் எதையும் நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அவள் வேலை கார் ட்யூனிங். இப்போதைய என்ஜின்களுக்கு மூளை ஒரு சின்ன கம்ப்யூட்டர். அதைத் திறந்து, எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று, எப்போது தீப்பொறி என்று கணக்கை மாற்றி எழுதுவாள். ஸ்பேனர் பிடிக்கிற வேலை எல்லாம் அவள் அக்கா கணவருடையது. அத்தானும் மச்சினியுமாகக் கடை போட்டு அப்போது எட்டு மாதம்தான். வீட்டில் அக்கா மட்டும், "ரெண்டு பேரும் சாப்பாட்டு மேசையில என்ஜினைப் பத்திப் பேசினா தட்டைத் தூக்கிடுவேன்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

அந்த வியாழக்கிழமை காலை 9.20க்கு ஒரு சாம்பல் நிற ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. இரண்டு கதவு, டர்போ என்ஜின். டர்போ என்றால் புகைக் காற்றின் வேகத்தில் சுழன்று, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற ஒரு விசிறி. இந்தக் காரில் அதைக் கழற்றிவிட்டு இன்னும் பெரியதாக ஒன்றை யாரோ மாட்டியிருந்தார்கள்.

ஓட்டி வந்தவர் ஒரு பல் டாக்டர். பழைய வண்டியாக வாங்கி ஏழு மாதம் ஆகிறதாம். மூன்று ஒர்க்‌ஷாப் பார்த்துவிட்டார். ஒருவர் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். இன்னொருவர் பெட்ரோல் பம்ப்பை. மூன்றாமவர் மறுபடியும் ஸ்பார்க் பிளக்கை. "வலிக்கிற பல்லு எதுன்னு பாக்காமலே வரிசையாப் புடுங்கியிருக்காங்க மேடம்" என்றார்.

நோய் இதுதான். மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தால், என்ஜின் சுற்று 4200 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 4200 சுற்று, வரும்போது ஒரு கணம் சக்தி செத்துவிடுகிறது. மறுகணம் திரும்பி வந்துவிடுகிறது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருக்கிறதாம்.

ஞாயிறு காலைகளில்தான் அவர் காரை விரட்டி ஓட்டுவாராம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கிற ரேஸ் பாதையில் விடப் போகிறார். பதினாறு வயது மகளும் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாளாம். அதற்குள் சரியாக வேண்டும்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். மனைவி ஒரே ஒரு தடவை இந்தக் காரில் ஏறினாளாம். அடுத்த திருப்பத்திலேயே இறங்கிவிட்டாள். யாரோ மடியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றாளாம்.

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அத்தானும் சிரித்தார்.

அவள் எடுத்த எடுப்பில் எதையும் கழற்றுகிற ஆள் இல்லை. முதலில் காற்றுக் குழாய்களுக்குள் புகையை விட்டு, எங்கே கசிகிறது என்று பார்த்தாள். முன் பம்பருக்குப் பின்னால், ஒரு குழாயின் இணைப்பில், நகக்கண் அளவுக் கிழிசல். மூன்று ஒர்க்‌ஷாப்பில் ஒருவர்கூட அங்கே எட்டிப் பார்க்கவில்லை. டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற வால்வின் ஹோஸும் இடம் மாறி மாட்டியிருந்தது. இரண்டையும் சரி செய்து முடிக்க மணி 2.30.

"இதாம்மா சீக்கு. தீந்துச்சு" என்று அத்தான் கையைத் துடைத்துக்கொண்டார்.

காரை டைனோ அறைக்குள் ஏற்றினார்கள். தரையில் பெரிய உருளைகள் பதித்த அறை அது. சக்கரங்கள் உருளைமேல் சுழலும், கார் நின்ற இடத்தில் நிற்கும், எவ்வளவு சக்தி என்று திரை காட்டும். ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் பகலா இரவா என்று தெரியாது. நான்கு மூலையிலும் பட்டை போட்டுக் காரைக் கட்டினார்கள். அவள் டிரைவர் சீட்டில். மடியில் லேப்டாப். அத்தான் காருக்கு வெளியே, என்ஜினைக் குளிர்விக்கிற பெரிய காற்றாடிக்குப் பக்கத்தில்.

முதல் ஓட்டம். 3.12.

மிதியை அடியோடு அழுத்தினாள். சத்தம் ஏறியது. மூவாயிரம்... மூவாயிரத்து ஐந்நூறு... நாலாயிரம்...

4200.

செத்தது. முக்கால் விநாடி. திரும்பி வந்தது.

என்ஜினை அணைத்துவிட்டுப் பதிவை ஓட்டிப் பார்த்தாள். பெட்ரோல் சரி. காற்று சரி. பொறி சரி. ஆக்சிலேட்டர் மிதி என்ற வரியில் மட்டும் எண்கள் வேறு மாதிரி. நூறு சதவீதம்... பூஜ்யம்... மறுபடியும் நூறு. அதாவது, மிதியிலிருந்து ஓட்டுபவர் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்திருக்கிறார் என்கிறது கம்ப்யூட்டர்.

அவள் காலை எடுக்கவில்லை.

மிதியின் சென்சார் கெட்டிருக்கும் என்று நினைத்தாள். 3.19க்கு ஒரு தடவை, 3.34க்கு ஒரு தடவை. அதே இடம், அதே முக்கால் விநாடி. கடையில் இருந்த நல்ல சென்சாரை மாட்டிப் பார்த்தார்கள். 3.58. அதேதான். அத்தான் ஒயர் ஒயராகப் பிரித்து மீட்டர் வைத்துப் பார்த்தார். ஒரு ஒயரிலும் குற்றமில்லை.

ஐந்தாவது ஓட்டத்தின்போதுதான், இரைச்சலுக்கு நடுவே ஒரு மணிச் சத்தத்தைக் கவனித்தாள்.

டிங்... டிங்... டிங்...

சீட் பெல்ட் போடச் சொல்கிற மணி. தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். போட்டிருந்தாள். மீட்டர் பலகையில் எரிந்த விளக்கு பக்கத்து சீட்டுக்கானது. ஆள் உட்கார்ந்தால், எடையை உணர்ந்து எரிகிற விளக்கு.

பக்கத்து சீட்டில் ஒன்றுமில்லை. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

முந்தைய பதிவுகளைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். 'பக்கத்து சீட்டில் ஆள்' என்று ஒரு வரி. சாதாரணமாக யாரும் அதைப் பார்ப்பதில்லை. அவளும் அதுவரை பார்க்கவில்லை. ஐந்து ஓட்டத்திலும் அதே பதில் இருந்தது.

உண்டு. உண்டு. உண்டு. உண்டு. உண்டு.

"எலி ஏதாவது குடித்தனம் பண்ணுதோ என்னமோ" என்று அத்தான் குனிந்து சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். எலி இல்லை. சீட்டின் ஒயர் இணைப்பையே பிடுங்கிவிட்டார். "இனிமே அதுக்கு எடை தெரியாது. நீ ஓட்டு."

4.41. ஆறாவது ஓட்டம்.

ஒயர் பிடுங்கிக் கிடக்கிறது. பதிவில் உண்டு என்றே வந்தது.

அதை அவரிடம் காட்டினாள். அதற்குப் பிறகு அவர் எலியைப் பற்றிப் பேசவில்லை.

ட்யூன் செய்கிறவர்கள் காதுக்கு ஒரு ஹெட்ஃபோன் மாட்டுவதுண்டு. என்ஜினின் இரும்பு உடம்பில் ஒரு சின்ன மைக்கை வைத்து இறுக்கி, அந்தச் சத்தத்தைத் தனியாகக் கேட்பார்கள். உள்ளே பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடித்தால், டின்னில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போலக் கேட்கும். எட்டாவது ஓட்டத்தில் அதை மாட்டிக்கொண்டாள்.

கூழாங்கல் கேட்கவில்லை.

4200ஐத் தொடும்போது, அத்தனை இரைச்சலுக்கும் கீழே, ஏதோ முனகல் போல ஒன்று. ரேடியோ குறுக்கிடுகிறது என்று எடுத்துக்கொண்டாள்.

ஒன்பதாவது. அதே இடத்தில் அதே முனகல். இந்தத் தடவை அதில் சொற்கள் இருந்தன. என்ன சொற்கள் என்று பிடிபடவில்லை.

பத்தாவது ஓட்டம். 5.21. முடிந்ததும் என்ஜினை அணைத்தாள். சாவியை எடுத்தாள். உருளைகள் மெல்ல நின்றன. காற்றாடியை அத்தான் நிறுத்தினார். அறை அடங்கிப் போயிற்று.

ஹெட்ஃபோன் காதில்தான் இருந்தது.

அதில் மூச்சு கேட்டது.

ஹ்ஹா... ஹ்ஹா...

மூச்சுக்குப் பின்னால், தூரத்தில், சீராக ஒரு சத்தம்.

பீப்... பீப்... பீப்...

வெடுக்கென்று கழற்றினாள். அறையில் எந்தச் சத்தமும் இல்லை. மறுபடி காதில் வைத்தாள்.

பீப்... பீப்...

"இதைக் கேளுங்க அத்தான்" என்று நீட்டினாள். அவர் ஒரு காதில் வைத்துக் கேட்டார். முகம் மாறியது. திருப்பிக் கொடுத்தார்.

"மூடிட்டு வீட்டுக்குப் போலாம்மா" என்றார்.

போயிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த சீட்டில் ஒரு பதினாறு வயதுப் பெண் உட்காரப் போகிறாள். எதனால் என்று தெரியாமல் காரைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. இந்த மாதிரித் திடீர்ப் பூஜ்யத்தைக் கண்டுகொள்ளாதே என்று கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டளை எழுதினாள். வாடிக்கையாளர் காரில் அப்படிச் செய்யக் கூடாது. நோயை மூடி மறைக்கிற வேலை அது. ஒரே ஒரு ஓட்டம், 4200க்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்று நினைத்தாள்.

பதினொன்றாவது ஓட்டம். 5.47.

பானெட் திறந்திருந்ததால் அத்தான் எங்கே நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மிதித்தாள்.

மூவாயிரம்...

டிங்... டிங்...

நாலாயிரம்...

4200.

சக்தி சாகவில்லை. கார் பட்டைகளை இழுத்துக்கொண்டு உறுமியது. 4300... 4400...

காதுக்குள், மிகப் பக்கத்தில், ஓர் ஆணின் குரல்.

"காலை எடு."

4600...

"காலை எடு... காலை எடு..."

எடுத்தாள்.

அதே நொடி பானெட்டுக்கு அடியிலிருந்து குப்பென்று வெள்ளைப் புகை. அத்தான் பின்னால் சாய்ந்து விழுவது தெரிந்தது. டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகிற குழாய் பிளந்து, சிவக்கக் காய்ந்திருந்த இரும்பின்மேல் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அவள் இறங்கி ஓடி வருவதற்குள் ஒரு தீ நாக்கு எழுந்தது. தீயணைப்பு சிலிண்டரை அவளே எடுத்து அடித்தாள். பத்து விநாடியில் அடங்கியது.

அத்தானுக்கு இடது புருவம் மட்டும் பொசுங்கியிருந்தது. டார்ச்சோடு அந்தக் குழாய்க்கு நேர்மேலே குனிந்திருந்தாராம். கால் இன்னும் இரண்டு விநாடி மிதியில் இருந்திருந்தால் எண்ணெய் முழு அழுத்தத்தில் அவர் முகத்தில் பீய்ச்சியடித்திருக்கும்.

"எப்படித் தெரிஞ்சு காலை எடுத்த?" என்று கேட்டார்.

அவள் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு, அறைக் கதவைத் திறந்து புகையை வெளியே விட்டாள்.

6.30க்குக் கடையை மூடினார்கள். கார் டைனோ மேலேயே நின்றது. பல் டாக்டருக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை நடக்காது என்று சொன்னாள். அவர் முணுமுணுத்தார். அப்புறம் சரி என்றார்.

மறுநாள் காலை 9 மணிக்குப் பக்கத்து சீட்டுக்கு அடியில் இருந்த கம்பளத்தை அத்தான் தூக்கினார். தரைத் தகட்டில், கதவிலிருந்து நடுப்பகுதி வரைக்கும் வெல்டிங் தழும்பு ஓடியது. அந்தப் பக்கத்தையே வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். அடிபடாத வண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள் என்று பல் டாக்டர் போனில் பதறினார். விற்றவர்களின் நம்பரைக் கொடுத்தார்.

10.09க்கு அந்த நம்பரைக் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள். நடுத்தர வயதுக் குரல். கார் தன் கணவருடையதுதான் என்றாள். விபத்தில் அடிபட்டதா என்று கேட்டதும், எதுக்குக் கேக்கிறீங்க என்றாள். பிறகு சொன்னாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்ததாம். அந்தப் பெண்ணின் அண்ணனும் கார் ட்யூனர்தான். காலி ரோட்டில் கணவர் ஓட்ட, அண்ணன் பக்கத்து சீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்து சரி பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். பாலத் தூணில் மோதியது அண்ணன் பக்கம். கணவருக்குக் கை மட்டும் முறிந்தது. 'அழுத்து, இன்னும் அழுத்துன்னு உங்க அண்ணன்தான் சொன்னார்' என்று கணவர் அன்றைக்கே சொல்லிவிட்டாராம்.

"அண்ணன் எப்ப இறந்தாரு?" என்று இவள் தயங்கிக் கேட்டாள்.

"இறக்கலைங்க. எங்கூடத்தான் இருக்கான். இங்க, நர்ஸிங் ஹோம்ல."

நினைவில்லாமல் இரண்டு வருடமாகப் படுத்திருக்கிறாராம். கண் திறப்பதில்லை. கிள்ளினால் விரல் அசையும், அவ்வளவுதான். ஆனால் கடந்த ஏழு மாதமாக எப்போதாவது ஒரு வார்த்தை சொல்கிறார். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில். எது சொன்னாலும் மணி பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

"நேத்து மத்தியானம்தாங்க ரொம்ப மோசம். பதினோரு தடவை. எல்லாம் எழுதியிருக்கேன். மூணு பன்னெண்டு... மூணு பத்தொன்பது... மூணு முப்பத்தி நாலு... மூணு அம்பத்தெட்டு..."

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். அந்தப் பெண் வாசிக்க வாசிக்க, திரையில் விரலை ஒவ்வொரு வரியாக இறக்கினாள்.

"...அஞ்சு இருபத்தொண்ணு. கடைசியா அஞ்சு நாப்பத்தேழு."

விரல் கடைசி வரியில் நின்றது.

"என்ன சொன்னாரு?"

"எப்பவும் சொல்றதுதான். காலை எடு. கால் வலிக்குது போலன்னு நாங்களும் காலைத் தூக்கித் தூக்கித் தலையணை வெக்கிறோம்."

சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. சொன்னாள்.

"அவரோட காலைச் சொல்லலைங்க. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுன்னு சொல்றாரு. ஓட்டுறவர்கிட்ட."

"அப்ப அண்ணன் அழுத்தச் சொன்னான்னு எங்க வீட்டுக்காரர் சொன்னது..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அழுதாளா என்று தெரியவில்லை. அழுகை கேட்கவில்லை.

அந்த அமைதியில்தான் அது கேட்டது.

பீப்... பீப்... பீப்...

பக்கத்தில் ஒரு மூச்சு.

அப்புறம் குரல். ஹெட்ஃபோனில் கேட்ட அதே குரல்.

"கதவைத் திற."

"நேத்து ராத்திரியிலேர்ந்து இதையும் சொல்றான்" என்றாள் அந்தப் பெண். "ரூம் கதவைத் திறந்து வெச்சோம். ஜன்னலைத் திறந்தோம். நிறுத்த மாட்டேங்கிறான்."

"கதவைத் திற..."

போனைக் காதில் வைத்தபடியே எழுந்தாள். டைனோ அறைக்குள் போனாள். அத்தான் வாசலிலேயே நின்றுவிட்டார். கூட வரவில்லை.

கார் இருட்டில் நின்றது.

"கதவைத் திற..."

பக்கத்து சீட்டுக் கதவின் பிடியில் கை வைத்தாள்.

சில்லென்று இருந்தது.

திறந்தாள்.

ஒன்றுமில்லை. காலி சீட். சீட் மெத்தை மட்டும், அழுத்தம் விட்டது போல, மெல்ல மேலெழும்பியது.

"நிறுத்திட்டான்" என்றாள் அந்தப் பெண். "இப்பதான். நிறுத்திட்டான்."

மணி 10.26.

அடுத்த வாரம் குழாயை மாற்றி, மறுபடி டைனோவில் ஏற்றினார்கள். மூவாயிரம், நாலாயிரம், ஐயாயிரம். கார் ஏழாயிரம் வரை வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒயரை மாட்டியும் பார்த்தார்கள், பிடுங்கியும் பார்த்தார்கள். பக்கத்து சீட்டில் ஆள் என்ற வரியில் 'இல்லை' என்றே வந்தது. பல் டாக்டர் சந்தோஷமாக ஓட்டிப் போனார். அவர் மனைவியும் இப்போது அதில் ஏறுகிறாளாம்.

இங்கே முடிந்திருந்தால் அவள் எனக்கு இதைச் சொல்லியே இருக்க மாட்டாள்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. கணவரைவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். பேச்சோடு பேச்சாக அண்ணனைப் பற்றியும் சொன்னாள். உயிரோடுதான் இருக்கிறார். இதயம் நன்றாகத் துடிக்கிறது. மூச்சு சீராக வருகிறது. அன்றைக்கு இருவரும் போனில் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் கண் திறந்துவிட்டது என்றாள். அன்றிலிருந்து மூடவே இல்லை. தூக்கத்திலும் மூடுவதில்லை. கிள்ளினால் அசைகிற அந்த ஒரு விரலும் இப்போது அசைவதில்லை. டாக்டர்கள் தலையை இரண்டு தடவை ஸ்கேன் எடுத்தார்கள். உடம்பில் புதிதாக எந்தக் கோளாறும் இல்லை, ஆனால் உள்ளே ஆள் இல்லாதது போல இருக்கிறது என்று சொன்னார்களாம்.

"எத்தனை மணிக்குக் கண்ணு திறந்துச்சு?" என்று இவள் கேட்கவில்லை. அந்தப் பெண்ணே சொன்னாள். எழுதி வைத்திருக்கிறாள் அல்லவா.

10.26.

அவர் திரும்பி வருவார் என்று அந்தப் பெண் இன்னும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கார்க் கதவைத் திறந்ததை மட்டும் இவள் அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.